எந்த ஸ்விட்ச்சுக்கு எந்த லைட்?

புது வீட்டுக்குக் குடிபோனால் முதல் ஒரு வாரம் ஒரு விளையாட்டு நடக்கும். ஹாலில் ஒரே பலகையில் வரிசையாகப் பன்னிரண்டு ஸ்விட்ச். ஃபேன் போடப் போனால் வாசல் விளக்கு எரியும். வாசல் விளக்கை அணைத்தால் பாத்ரூமிலிருந்து, "யாருய்யா அது?" என்று குரல் வரும். ஒரு வாரத்தில் பதினொன்று பழகிவிடும். பன்னிரண்டாவது மட்டும் எதற்கென்று கடைசிவரை தெரியாது. போட்டாலும் ஒன்றும் ஆகாது, அணைத்தாலும் ஒன்றும் ஆகாது. "எதுக்கு வம்பு, அப்படியே இருக்கட்டும்" என்று குடும்பமே ஏகமனதாகத் தீர்மானம் போட்டுவிடும்.

கம்ப்யூட்டர் உலகத்தில் இந்தப் பன்னிரண்டாவது ஸ்விட்ச்சுக்காகப் பெரிய பெரிய படிப்புப் படித்த பிள்ளைகள் ராத்திரி இரண்டு மணிக்குக் கண் விழித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பலகையின் பெயர் குபர்னெட்டிஸ்.

"பெயரே வாயில் நுழையலையே!" என்கிறீர்களா? நுழையாதுதான். கிரேக்க வார்த்தை. கப்பலின் சுக்கானைப் பிடிக்கிற ஆசாமி என்று அர்த்தம். நம் பழைய தமிழில் மீகாமன். ஆங்கிலக்காரர்களுக்கே இது வாயில் நுழையவில்லை. முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் வைத்துக்கொண்டு, நடுவில் இருந்த எட்டு எழுத்துக்குப் பதிலாக எட்டு என்ற நம்பரைப் போட்டு, 'கே8எஸ்' என்று சுருக்கிவிட்டார்கள்.

இதனுடைய பூர்வீகம் கூகுள் கம்பெனி. தங்களுடைய ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்க உள்ளுக்குள்ளேயே 'போர்க்' என்று ஒன்றை வைத்திருந்தார்கள். அந்த அனுபவத்தில் புதிதாக ஒன்றைச் செய்து 2014 ஜூனில் உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். 2015 ஜூலையில் முதல் முழுப் பதிப்பு. இன்றைக்கு நீங்கள் செல்போனில் சினிமா பார்ப்பது, சாமான் வாங்குவது, பணம் அனுப்புவது போன்ற எத்தனையோ சேவைகளுக்குப் பின்னால் இந்த மீகாமன்தான் நின்று சுக்கானைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்.

இது நம்ம பி.ஆர்.எஸ். சார்!

அடியேன் பி.காம். டெபிட், கிரெடிட் தவிர வேறு அறியேன். ஆனால் இந்த குபர்னெட்டிஸ் விஷயத்தைப் படிக்கப் படிக்க ஒரு வார்த்தை மறுபடி மறுபடி வந்து கண்ணடித்தது. 'ரீகன்சைல்'. அட, நம்ம பேங்க் ரீகன்சிலியேஷன்!

நம் கணக்குப் புத்தகத்தில் ஒரு பாக்கி இருக்கும். பேங்க் பாஸ்புக்கில் இன்னொரு பாக்கி இருக்கும். இரண்டுக்கும் ஏன் வித்தியாசம் என்று மாசக் கடைசியில் உட்கார்ந்து தேடுவோம். குபர்னெட்டிஸும் அதையேதான் செய்கிறது. ஆனால் மாசக் கடைசியில் இல்லை. இருபத்துநாலு மணி நேரமும்.

'இந்த புரோகிராம் நாலு பிரதி ஓட வேண்டும்' என்று நீங்கள் எழுதிக் கொடுக்கிறீர்கள். அது புத்தகக் கணக்கு. நிஜத்தில் எத்தனை ஓடுகிறது என்று 'கன்ட்ரோலர்' எனப்படும் குமாஸ்தா பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு மெஷின் படுத்துவிட்டது, மூன்றுதான் ஓடுகிறது என்றால், யாரையும் கேட்காமல் இன்னொன்றைக் கிளப்பிவிடுவார். சம்பளம், லீவு, போனஸ் எதுவும் கேட்காத குமாஸ்தா.

ஆனால் இந்தக் குமாஸ்தாவுக்கு விவேகம் கிடையாது. புத்தகத்தில் நாலு என்று இருக்கும்போது நீங்களே போய் ஒன்றைக் கையால் நிறுத்தினாலும் விட மாட்டார். "ஐயோ, ஒண்ணு குறையுதே!" என்று பதறி மறுபடி கிளப்பிவிடுவார். நீங்கள் நிறுத்த, அவர் கிளப்ப, நீங்கள் நிறுத்த, அவர் கிளப்ப... விக்கிரமாதித்தன் வேதாளம் கதைதான். எதையும் அணைக்க வேண்டுமென்றால் புத்தகத்தில் திருத்த வேண்டும். இந்த முதல் பாடம் தெரியாமல் ஸ்விட்ச் பக்கம் போகக் கூடாது.

ஃபுல் மீல்ஸா, அளவு சாப்பாடா?

சரி, ஸ்விட்ச் எங்கிருந்து வந்தது?

குபர்னெட்டிஸ் என்பது வெறும் சாதம் மாதிரி. அதை மட்டும் சாப்பிட முடியாது. சாம்பார் வேண்டும், ரசம் வேண்டும். வெளியிலிருந்து வருகிற ஜனங்களை உள்ளே சரியான கவுன்ட்டருக்கு அனுப்ப ஒருத்தர். யார் எவ்வளவு மெமரி சாப்பிடுகிறார்கள் என்று அளக்க ஒருத்தர். பேர் சொன்னால் விலாசம் சொல்ல ஒருத்தர். நடந்ததையெல்லாம் டயரியில் எழுத ஒருத்தர். நெட்வொர்க் பிணைப்பைக்கூட நீங்களேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். கேலிகோ, சிலியம், ஃபிளானல் என்று பல பிராண்டுகள் உண்டு.

"இத்தனையும் நானே தேடிப் பிடிக்கணுமா?" என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்காக ஃபுல் மீல்ஸ் போடுகிற கடைகள் வந்தன. எல்லாம் ஒரே இலையில். ஆனால் எல்லாருக்கும் எல்லாமும் வேண்டாமே? பாயசம் வேண்டாம் என்கிற சர்க்கரை வியாதிக்காரருக்கு என்ன வழி? அதற்காகத்தான் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு ஸ்விட்ச். 'வேணும்', 'வேணாம்'.

இரண்டு கடைகளைப் பார்ப்போம். இரண்டும் நேரெதிர் ரகம்.

ஒன்று கே3எஸ். பெயரிலேயே ஒரு குறும்பு இருக்கிறது. குபர்னெட்டிஸ் பத்து எழுத்து, சுருக்கினால் கே8எஸ். அதில் பாதி சைஸில் ஒன்று செய்ய வேண்டும், ஆகவே ஐந்து எழுத்து, சுருக்கினால் கே3எஸ். அந்த ஐந்தெழுத்து வார்த்தை என்ன என்று கேட்காதீர்கள். அப்படி ஒரு வார்த்தையே கிடையாது! ராஞ்சர் என்ற கம்பெனி 2019-ல் வெளியிட்டது. சின்ன மெஷின்களில்கூட ஓடும். இதில் டிராஃபிக், சர்வீஸ் எல்பி, லோக்கல் ஸ்டோரேஜ், மெட்ரிக்ஸ் சர்வர், கோர் டிஎன்எஸ் என்று சில பதார்த்தங்களை அவர்களே பரிமாறிவிடுவார்கள். வேண்டாமென்றால் கிளப்பும்போதே 'டிஸேபிள்' என்று எழுதி அதன் பெயரைச் சொல்ல வேண்டும். அதாவது, 'வேணாம்'னு சொல்லாதவரை விழும்.

இன்னொன்று குபெஸ்ஃபியர். சீனாவின் சிங்கிளவுட் கம்பெனி 2018-ல் கொண்டுவந்தது. இது எதிர் சுபாவம். அதன் மூன்றாம் பதிப்பில் சாதமும் அப்பளமும் மட்டும்தான் முதலில் வரும். ஆப் ஸ்டோர், டெவ்ஆப்ஸ், லாக்கிங், ஆடிட்டிங், அலர்ட்டிங், சர்வீஸ் மெஷ் எல்லாம் சமையலறையில் மூடி வைத்திருப்பார்கள். நிர்வாகியாக உள்ளே போய், 'கிளஸ்டர் கான்ஃபிகரேஷன்' என்ற சீட்டைத் திறந்து, வேண்டியதன் நேரே 'எனேபிள்டு: ஃபால்ஸ்' என்று இருப்பதை 'ட்ரூ' என்று மாற்றினால் போதும். இன்ஸ்டாலர் என்ற சமையல்காரர் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுப் பரிமாறக் கிளம்பிவிடுவார்.

ஒரே ஒரு வார்த்தை. ஃபால்ஸ், ட்ரூ ஆகிறது. ஆகா, இவ்வளவு சுலபமா?

அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

போடும்போது: பந்தியில் இடம் இருக்கா?

அந்த குபெஸ்ஃபியரையே ஒற்றை மெஷினில் குறைந்தபட்சமாக வைத்துப் பார்க்க 2 கோர் பிராசஸரும் 4 ஜிபி மெமரியும் போதும் என்று அவர்களுடைய கையேடு சொன்னது. 'அடடா, சீப்பா இருக்கே' என்று வாங்கி வைத்துவிட்டு, டெவ்ஆப்ஸ் ஆன், லாக்கிங் ஆன், சர்வீஸ் மெஷ் ஆன் என்று வரிசையாகத் தட்டினால் என்ன ஆகும்? டெவ்ஆப்ஸுக்குப் பின்னால் ஜென்கின்ஸ் என்ற பெருந்தீனிக்காரர் இருக்கிறார். லாக்கிங்குக்குப் பின்னால் எலாஸ்டிக் சர்ச். அவர் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார்.

குபர்னெட்டிஸில் ஒவ்வொரு புரோகிராமும் 'எனக்கு இவ்வளவு மெமரி ஒதுக்கணும்' என்று முன்கூட்டியே கேட்கலாம். ஒதுக்க இடமில்லை என்றால் ஷெட்யூலர் என்ற பந்தி விசாரிப்பவர் அவரை வெளியிலேயே நிறுத்திவிடுவார். 'பெண்டிங்' என்று போர்டு மாட்டிவிடுவார். கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்குக் காத்திருக்கிற மாமா மாதிரி அவர் நின்றுகொண்டே இருப்பார். ஸ்விட்ச் 'ட்ரூ' என்றுதான் காட்டும். விளக்கு எரியாது.

சர்வீஸ் மெஷ் சமாசாரம் இன்னும் விசேஷம். இஸ்டியோ என்பது அதில் பிரபலம். வழக்கமான முறையில் அதை ஆன் பண்ணினால் ஒரு புரோகிராம் கூடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். உங்களிடம் ஓடுகிற ஒவ்வொரு பாடுக்கும் பக்கத்தில் 'சைடுகார்' என்று ஒரு துணை ஆள் ஏறிக்கொள்வார். இருநூறு பாடு இருந்தால் இருநூறு துணை ஆள். ஒரு ஊழியருக்கு ஒரு உதவியாளர் என்று கவர்மென்ட் ஆர்டர் போட்ட மாதிரி. ஸ்விட்ச் ஒன்று, சம்பளம் இருநூறு பேருக்கு! இந்தச் செலவு தாங்காமல்தான், சைடுகார் இல்லாத 'ஆம்பியன்ட்' என்ற மாற்று முறையை இஸ்டியோக்காரர்களே கொண்டுவந்தார்கள். அது 2024 நவம்பரில் முழு உபயோகத்துக்கு வந்தது.

இன்னொரு வேடிக்கை. ஆன் பண்ணின உடனே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற பாடுகளுக்குச் சைடுகார் வராது. புதிதாகப் பிறப்பவற்றுக்குத்தான். பழையவற்றை ஒருமுறை நிறுத்திக் கிளப்ப வேண்டும். இது தெரியாமல், "ஆன் பண்ணியாச்சு, வேலை செய்யலையே" என்று ஸ்விட்ச்சை நாலு தடவை போட்டுப் போட்டு அணைப்பவர்கள் உண்டு.

அணைக்கும்போது: நோ டியூ சர்டிபிகேட்

போடுவதாவது பரவாயில்லை. அணைப்பதுதான் ஆபத்து. 'ட்ரூ' என்பதை 'ஃபால்ஸ்' என்று மாற்றினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைப்பது, கடையின் போர்டைக் கழற்றினால் கடன் தீர்ந்துவிடும் என்று நினைக்கிற மாதிரி.

குபெஸ்ஃபியரின் அந்தப் பதிப்பில் ஃபால்ஸ் என்று மாற்றுவது முதல் படி மட்டும்தான். அப்புறம் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகக் கட்டளை கொடுத்து நீக்க வேண்டும், மிச்சம் மீதியைப் பெருக்க வேண்டும் என்று ஒரு தனி அத்தியாயமே எழுதி வைத்திருந்தார்கள். கே3எஸில் வேறு மாதிரி. அவர்கள் பரிமாறிய பதார்த்தத்தின் ஃபைலை நீங்கள் கையால் திருத்தினாலும் அழித்தாலும், அடுத்த தடவை கே3எஸ் கிளம்பும்போது மறுபடி எழுதிவிடும். 'டிஸேபிள்' என்று முறையாகச் சொன்னால் ஃபைலும் போகும், ஓடுகிற ஆளும் போவார். 'ஸ்கிப்' என்று ஒரு குறிப்பு வைத்தாலோ, ஓடுகிற ஆள் ஓடிக்கொண்டே இருப்பார். இனிமேல் கண்டுகொள்ள மாட்டோம் என்று மட்டும் அர்த்தம். 'டிஸ்மிஸ்' வேறு, 'பேச்சுவார்த்தை இல்லை' வேறு இல்லையா?

அணைக்கும்போது வருகிற மூன்று கண்டங்களைச் சொல்கிறேன்.

முதல் கண்டம், கையெழுத்துப் போட ஆள் இல்லை. ஆபீஸில் ஒருவர் ரிலீவ் ஆகும்போது லைப்ரரி, கேன்டீன், சொசைட்டி என்று எல்லா இடத்திலும் 'பாக்கி இல்லை' என்று கையெழுத்து வாங்க வேண்டும். குபர்னெட்டிஸிலும் உண்டு. 'ஃபைனலைசர்' என்று பெயர். ஒரு பொருளை அழிக்கும்முன் அதற்குப் பொறுப்பான கன்ட்ரோலர் வந்து சுத்தம் செய்து சரி என்று சொல்ல வேண்டும். அவசரக்குடுக்கை ஒருத்தர் முதலில் கன்ட்ரோலரையே அணைத்துவிடுகிறார் என்று வையுங்கள். லைப்ரரியன் முதலில் ரிட்டயர் ஆகிவிட்டார். மற்றவர்கள் சர்டிபிகேட்டுடன் நிற்கிறார்கள். 'டெர்மினேட்டிங்... டெர்மினேட்டிங்...' என்று திரையில் நாள் கணக்கில் நிற்கும். சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. திரிசங்கு சொர்க்கம்.

இரண்டாவது, வாட்ச்மேன் போனார், பூட்டு இருக்கிறது. புதிதாக எது வந்தாலும் பரிசோதித்து உள்ளே விடுகிற 'வெப்ஹுக்' என்ற காவல் ஒன்று உண்டு. காவலர் பதில் சொல்லவில்லை என்றால் யாரையும் விடாதே என்பதுதான் வழக்கமான உத்தரவு. காவலரின் புரோகிராமை மட்டும் அணைத்துவிட்டு, 'அவரைக் கேட்டுத்தான் விட வேண்டும்' என்ற உத்தரவைக் கிழிக்க மறந்தால்? ஒரு பாடுகூடப் புதிதாகக் கிளம்பாது. சில சமயம் அந்தக் காவலரே திரும்ப உள்ளே வர முடியாது. ஏனென்றால், அவரை விட அவர் பதில் சொல்ல வேண்டுமே!

மூன்றாவது, இருப்பதிலேயே கொடுமை. பல பகுதிகள் தங்களுக்கென்று ஒரு புது ரக ரெக்கார்டை உண்டாக்கிக்கொள்ளும். அந்த ரகத்தின் இலக்கணத்துக்கு 'சிஆர்டி' என்று பெயர். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அந்த இலக்கணத்தை அழித்தால், அந்த ரகத்தில் இருக்கிற அத்தனை ரெக்கார்டும் கூடவே போய்விடும். லெட்ஜரின் அட்டையைக் கிழித்தால் உள்ளே இருக்கிற பக்கங்களும் சாம்பலாகிவிடுகிற மாதிரி. இதற்குப் பயந்துதான் 'ஹெல்ம்' என்ற கருவி ஒரு பகுதியை நீக்கும்போதும், அதற்கென்று தனி அறையில் வைத்த சிஆர்டிகளைத் தொடாமல் விட்டுவிடுகிறது. குப்பை கிடந்தாலும் பரவாயில்லை, கணக்கு போகக் கூடாது.

நீங்கள் தொடாமலே மாறும் ஸ்விட்ச்

"நான் எதையும் தொட மாட்டேன். சிவனேன்னு இருப்பேன்" என்று தப்பிக்க முடியுமா? முடியாது. குபர்னெட்டிஸ் வருஷத்துக்கு மூன்று புதுப் பதிப்பு விடுகிறது. உள்ளுக்குள் 'ஃபீச்சர் கேட்' என்று நூற்றுக்கு மேற்பட்ட கதவுகள். புது வசதி ஆல்ஃபா நிலையில் இருந்தால் கதவு பூட்டியிருக்கும். பீட்டா என்றால் பெரும்பாலும் திறந்திருக்கும். முழு நிலைக்கு வந்துவிட்டால் பூட்டே கழற்றப்படும். அதற்கப்புறம் நீங்கள் நினைத்தாலும் மூட முடியாது. 2022-ல் வந்த 1.24 பதிப்பிலிருந்து, புதிதாக வருகிற பீட்டா ஏபிஐகளை மட்டும் தானாகத் திறக்க மாட்டோம் என்று மாற்றிக்கொண்டார்கள். ஆக, பதிப்பை மாற்றினாலே சில விளக்குகள் எரியும், சில அணையும்.

ரெட்டிட் என்ற பெரிய அரட்டை மேடையின் கதையைக் கேளுங்கள். 2023 மார்ச் 14. கணக்கு வாத்தியார்கள் 'பை தினம்' என்று கொண்டாடுகிற நாள். அன்று அவர்கள் ஒரு கிளஸ்டரை 1.23-லிருந்து 1.24-க்கு மாற்றினார்கள். முதன்மை மெஷின்களுக்கு 'மாஸ்டர்' என்று ஒட்டியிருந்த பழைய லேபிளை இந்தப் பதிப்பில் எடுத்துவிட்டு 'கன்ட்ரோல் பிளேன்' என்பதை மட்டும் வைத்திருந்தார்கள். வெறும் பெயர்தானே? ஆனால் பல வருஷங்களுக்கு முன்னால் யாரோ நெட்வொர்க் வழிகாட்டிகளை 'மாஸ்டர் என்று ஒட்டியிருக்கிற மெஷினைப் பிடி' என்று எழுதி வைத்திருந்தார்கள். லேபிள் போனது. வழி போனது. ரெட்டிட் படுத்தது. எழுந்திருக்க 314 நிமிஷம் ஆயிற்று. பை தினத்தில் 3.14! விதிக்குக்கூட நகைச்சுவை உணர்ச்சி இருக்கிறது பாருங்கள்.

எட்டில் ஒன்று

ஸ்விட்ச்சின் விலை என்ன என்று காமர்ஸ்காரன் கேட்காமல் யார் கேட்பது? ஒரு கம்பெனிக்கு 46 கோடி டாலருக்கு மேல் ஆயிற்று.

இது குபர்னெட்டிஸ் பிறப்பதற்கு முந்தைய கதை. ஆனால் ஸ்விட்ச் கதைகளில் இதற்கு ஈடு கிடையாது. நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்குச்சந்தைக் கம்பெனி. பங்கு ஆர்டர்களை அனுப்ப எட்டு சர்வர்கள். அவற்றில் 'பவர் பெக்' என்று ஒரு பழைய வசதி. 2003-லேயே உபயோகிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் எடுத்துப் போடவில்லை. நம் பன்னிரண்டாவது ஸ்விட்ச்!

2012-ல் புது வசதி ஒன்று எழுதினார்கள். பழைய பவர் பெக்கைக் கிளப்பிய அதே ஸ்விட்ச்சைப் புது வசதிக்கு வைத்துக்கொண்டார்கள். புது புரோகிராமை எட்டு சர்வர்களிலும் ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றினார்கள். எட்டாவது விட்டுப்போயிற்று. 2012 ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்தது. ஸ்விட்ச் ஆன். ஏழு சர்வர்களில் புது வசதி ஒழுங்காக ஓடியது. எட்டாவதில் ஒன்பது வருஷமாகத் தூங்கிய கும்பகர்ணன் எழுந்தான். வாங்கினான், விற்றான், வாங்கினான், விற்றான். சுமார் 45 நிமிஷத்தில் நாற்பது லட்சம் வியாபாரம்!

பதற்றத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? புது புரோகிராமில்தான் கோளாறு என்று நினைத்து, ஒழுங்காக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். ஒரு கும்பகர்ணன் எட்டுக் கும்பகர்ணன் ஆனான். சந்தை திறப்பதற்கு முன்பே அவர்களுடைய கம்ப்யூட்டர் 97 ஈமெயில் அனுப்பியிருந்தது என்பது பின்னால் விசாரணையில் தெரிந்தது. யாரும் படித்து நடவடிக்கை எடுக்கவில்லை. அடுத்த வருஷமே கம்பெனி இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து கரைந்துவிட்டது.

இதைப் படித்தபிறகு கே3எஸ் கையேட்டில் வருகிற ஒரு சாதாரண வரி எனக்குச் சாதாரணமாகத் தெரியவில்லை. பல முதன்மை சர்வர்கள் இருந்தால், டிஸேபிள் மாதிரியான முக்கிய ஸ்விட்ச்சுகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்கிறது அது. ஒன்றில் ஆன், இன்னொன்றில் ஆஃப் என்று இருந்தால் எட்டாவது சர்வர் கதைதான்.

போட்டதைப் பூட்டாமல் விட்டால் அது வேறு கதை. குபர்னெட்டிஸுக்கு டாஷ்போர்டு என்று ஒரு வசதி உண்டு. எல்லாவற்றையும் படமாகக் காட்டும். டெஸ்லா கார் கம்பெனியில் அதைப் பாஸ்வேர்டு இல்லாமல் இன்டர்நெட்டில் திறந்து வைத்திருந்ததை 2018 பிப்ரவரியில் ரெட்லாக் என்ற பாதுகாப்புக் கம்பெனி வெளியிட்டது. எவனோ உள்ளே புகுந்து, டெஸ்லாவின் மெஷினில், டெஸ்லாவின் செலவில், தனக்கு கிரிப்டோ நாணயம் அச்சடித்துக்கொண்டிருந்தான். வாடகை இல்லை, கரண்ட் பில் இல்லை. மாப்பிள்ளை உபசாரம்!

மெயின் ஸ்விட்ச் யார் கையில்?

வீட்டுக்குள் ஆயிரம் ஸ்விட்ச் இருக்கலாம். மெயின் ஸ்விட்ச் வீட்டுக்காரர் கையில் இருக்கிறதே!

குபெஸ்ஃபியரையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் பதிப்பில் அந்த ஸ்விட்ச் பலகையையே மாற்றி, செல்போனில் ஆப் ஏற்றுகிற மாதிரி வேண்டிய பகுதியை மட்டும் சொருகிக்கொள்ளலாம் என்று செய்தார்கள். சீனத்துப் பழைய தச்சர் லூ பான் பெயரை அந்த அமைப்புக்கு வைத்தார்கள். அழகான வேலை. 2025 ஆகஸ்ட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. இலவசப் பதிப்பின் டவுன்லோடும் இலவச உதவியும் நிறுத்தப்படுகின்றன! நம்பிக் குடியிருந்தவர்கள் தலையில் கையை வைத்துக்கொண்டார்கள். உள்ளே எந்த ஸ்விட்ச் எப்படி இருந்தால் என்ன, வாசலில் ஃபியூஸைப் பிடுங்கியாயிற்று.

வில்லன் வேலை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆள் பற்றாக்குறையாலும் நடக்கும். வெளியிலிருந்து வருகிறவர்களை உள்ளே அனுப்புகிற 'இன்கிரஸ் எஞ்சின்எக்ஸ்' என்ற பகுதி உலகமெங்கும் எத்தனையோ கிளஸ்டர்களில் வாசல் காத்தது. அதைப் பராமரித்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய ஒன்றிரண்டு பேர். அதுவும் சொந்த வேலை போக, ராத்திரியிலும் வார விடுமுறையிலும். 2026 மார்ச் வரைதான் பராமரிப்பு, அப்புறம் கிடையாது என்று 2025 நவம்பரில் குபர்னெட்டிஸ்காரர்கள் அறிவித்தார்கள். ஓசியில் சாப்பிட்டவர்கள் ஆயிரக்கணக்கில். சமையலறையில் ஒத்தாசைக்கு எத்தனை பேர் வந்தார்கள்?

ஒரு பி.காமின் ஐந்து யோசனைகள்

ஒன்று: ஒவ்வொரு ஸ்விட்ச்சும் ஒரு செலவுக் கணக்கு. யார் போட்டது, எதற்காக, எந்தத் தேதியில் என்று வவுச்சர் இல்லாமல் போடக் கூடாது. கட்டளைகளைக் கையால் தட்டாமல் ஃபைலில் எழுதி, ஃபைலின் பழைய பிரதிகளையும் பத்திரப்படுத்தினால் அதுவே டே புக்.

இரண்டு: போடுகிற அன்றைக்கே அணைக்கிற வழியையும் எழுதிவிட வேண்டும். முதலில் ரெக்கார்டுகள், அப்புறம் கன்ட்ரோலர், கடைசியில் சிஆர்டி. வரிசை மாறினால் திரிசங்கு.

மூன்று: ஒத்திகை. நிஜ மேடைக்கு முன்னால் ஒரு சின்ன மெஷினில் போட்டும் அணைத்தும் பார்க்க வேண்டும். பேக்கப் எடுத்தால் போதாது. அந்த பேக்கப்பிலிருந்து திரும்ப எழுப்பிப் பார்த்தால்தான் அது பேக்கப். ரெட்டிட் கடைசியில் பேக்கப்பிலிருந்துதான் எழுந்தது.

நான்கு: பன்னிரண்டாவது ஸ்விட்ச்சை விட்டுவைக்காதீர்கள். வருஷத்துக்கு ஒரு முறை ஸ்டாக் எடுப்பது மாதிரி பலகையையும் எடுங்கள். எதற்கென்று தெரியாதது இருந்தால் நிதானமாகக் கண்டுபிடித்து, தேவையில்லை என்றால் ஒயரோடு பிடுங்குங்கள். நைட் கேப்பிடல் ஒன்பது வருஷம் ஒத்திப்போட்டது.

ஐந்து: நீங்கள் நம்பியிருக்கிற பகுதியை யார் பராமரிக்கிறார்கள், எத்தனை பேர், அவர்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்று விசாரியுங்கள். பெண் கொடுக்கும்போது விசாரிக்கிறோமே, அதில் பாதி போதும்.

"இதெல்லாம் எனக்கெதற்கு? நான் என்ன சர்வரா வைத்திருக்கிறேன்?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளையோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ, கிளவுடில் வேலை என்று சொன்னால், "புதுசா என்ன போட்டே?" என்று கேட்காதீர்கள். அரைமணி நேரம் ஆங்கிலத்தில் பேசுவார்கள். "கடைசியா எதை அணைச்சே? எப்படி அணைச்சே?" என்று கேளுங்கள்.

பதில் ஒழுங்காக வந்தால், அந்த ஆளை நம்பி வீட்டுச் சாவியையே கொடுக்கலாம்.